நகராட்சி மண்

— கையை எடு. எல்லாரும் பாக்குறாங்க.

— பாத்துட்டுப் போகட்டும். உன் மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துக் கிடக்கு?

— வெயில். இத்தனை ஆயிரம் பேருக்கு நடுவுல நின்னா வேற எப்படி இருக்கும்? போயிரு, தூச்சோ. கொக்குத் தெருக்காரன் நரித் தெருப் பொண்ணுகிட்ட நின்னு பேசுறான், அதுவும் குதிரை ஓடுற அன்னைக்கு. உங்காளுங்க பாத்தா தோலை உரிச்சிருவாங்க.

— நான் உன் புருஷன், ஜினேவ்ரா.

— அது நாளையிலேர்ந்து. பந்தயம் முடியிற வரைக்கும் நீ யாரோ, நான் யாரோ. நீ உங்கம்மா வீட்டுல, நான் எங்கம்மா வீட்டுல. கல்யாணமான நாள்லேர்ந்து அதானே?

— போன தடவையெல்லாம் நீ நிறைமாசமா இல்லையே! மாடி ஜன்னல்லேர்ந்து பாக்குறேன்னு சொன்னவ காம்போ மைதானத்து நடுவுல வந்து நிக்கிற. அந்தக் கோடியிலேர்ந்து உன் கழுத்துத் துணியைப் பாத்ததும் ஓடி வந்தேன்.

— ஜன்னல்லேர்ந்து பாக்குறதெல்லாம் ஒரு பந்தயமா? இங்க நின்னு, குளம்புச் சத்தம் கால் வழியா ஏறணும், அப்பதான்… ம்ம்.

— என்ன? என்னாச்சு?

— ஒண்ணுமில்ல. உதைக்குது.

— உதைச்சா யாரும் இப்படிப் பல்லைக் கடிக்க மாட்டாங்க. என்னைப் பாரு. வலியா?

— வாயை மூடு. கொஞ்ச நேரம் பேசாம இரு… சரி. போயிருச்சு.

— எது போயிருச்சு?

— அதுதான்.

— சத்தியமா உனக்குப் புத்தி கெட்டுப்போச்சு. வா, போலாம். தடுப்பு இதோ இருக்கு.

— போயி? எல்லா வாயிலும் அடைச்சாச்சு. கோபுரத்து மணி நின்னது உன் காதுல விழலையா? குதிரையெல்லாம் வெளிய வந்தாச்சு.

— அங்க ஒரு போலீஸ்காரர் நிக்கிறார். ஐயா! ஐயா, இங்க கொஞ்சம்!

— கத்தாதீங்க தம்பி, காது நல்லாத்தான் இருக்கு. நெல்லோன்னு பேரு. என்ன இப்ப?

— என் பொண்டாட்டிக்குப் பிரசவ வலி. தடுப்பைத் திறங்க.

— நான் சொன்னேன்ல? ஏம்மா, உள்ள வரும்போதே சொன்னேன்ல? இந்த வயித்தோட வராதேன்னேன். நீதான் இன்னும் மூணு வாரம் இருக்குன்னு சொன்ன.

— மூணு வாரமா? டாக்டர் இந்த வாரம்னு சொன்னாரே!

— உள்ள விடமாட்டாருன்னு சொன்னேன், தூச்சோ. அதை ஒரு குத்தமா எடுத்துக்காத.

— ஆம்புலன்ஸ் எந்த மூலையில நிக்கும்னு கேட்டுச்சு தம்பி. கை காட்டினேன். நேரா வந்து அதுக்கு எதிர்க்க நின்னுக்கிச்சு. மத்தியானத்துலேர்ந்து அசையல. சரி, உஷாரான பொண்ணுன்னு நினைச்சேன்.

— ஆம்புலன்ஸ் எங்க?

— அதோ, ஓடுபாதைக்கு அந்தப் பக்கம். துப்பினா விழுற தூரம்.

— அப்ப திறந்து விடுங்க!

— திறந்தா நீங்க கால் வைக்கிறது ஓடுபாதையில. பத்துக் குதிரை மூச்சு விட்டுக்கிட்டு நிக்குது. எந்த நொடி கிளம்பும்னு எனக்கும் தெரியாது, கயித்தை இறக்கி ஓட விடுற அந்தக் கயித்துக்காரனுக்கும் தெரியாது. கிளம்பின நேரத்துல நீங்க நடுப்பாதையில இருந்தா, அப்புறம் உங்களைக் கூட்டித்தான் அள்ளணும். என் கையில ஒண்ணும் இல்ல.

— மூணு சுத்து. ஒன்றரை நிமிஷம். ஜினேவ்ரா, ஒன்றரை நிமிஷம் தாங்குவியா?

— கிளம்பினா ஒன்றரை நிமிஷம். கிளம்பணுமே.

— கிளம்புற வரிசையில பத்தாவது இடம் யாருக்கு?

— தெரியாத மாதிரிக் கேக்குறியே.

— நரி.

— நரிதான். முதல் இடத்துல உங்க கொக்குத் தெருக் குதிரை. உள்பக்கம், அருமையான இடம். உங்க குதிரை ஒரு தடவை மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு நிக்கிற வரைக்கும் எங்காளு அசைய மாட்டான்.

— ஒன்பது குதிரை ஒழுங்கா வரிசையில நிக்குது. உங்க ஆள் ஒருத்தன் பின்னால நின்னு மூக்கைச் சொறிஞ்சுக்கிட்டு இருக்கான். அவன் பாஞ்சு உள்ள வந்தாத்தான் கயிறு விழும். அதுவரைக்கும் ஊரே நிக்கணும்!

— பத்தாவது இடம்னா அதுதான். உங்களுக்குக் கிடைச்சிருந்தா எங்க குதிரைக்கு மாலை போட்டு வழியனுப்பியிருப்பீங்களோ?

— உங்க அண்ணன்தானே இப்ப நரிக்குத் தலைவன்? லாப்போ கையை அசைச்சா உங்காளு பாய்வான். நெல்லோ அண்ணே, ரேடியோ வெச்சிருக்கீங்கல்ல? லாப்போவுக்குச் சொல்லுங்க. தங்கச்சிக்கு வலி, குதிரையை உள்ள விடுன்னு.

— வேணாம்.

— ஏன் வேணாம்?

— வேணாம்னா வேணாம். லாப்போ விடமாட்டான்.

— தங்கச்சிக்குக்கூடவா?

— எங்கப்பாவைப் புதைச்ச அன்னைக்கு, கல்லறையிலேர்ந்து நேரா லாயத்துக்குப் போயி குதிரைக்குக் கால் தேச்சவன் அவன். நீங்க ஜெயிச்சு எத்தனை வருஷமாச்சு? நீயும் நானும் பொறக்குறதுக்கு முன்னால. அவன் தலைவனா இருக்கிறப்ப கொக்கு ஜெயிச்சா, நாளைக்கு உங்காளுங்க தோத்தவங்க குடிக்கட்டும்னு எங்க வாசல்ல பேதி மருந்து பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டுட்டுப் போவாங்க. சாகுற வரைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பாங்க. அப்புறம் அவன் தெருவுல நடக்க முடியுமா?

— அவன் நடக்க முடியுமா முடியாதான்னு கவலைப்படுற நேரமா இது!

— சரி. நீ என்ன பண்ணப் போற?

— என்னது?

— ரேடியோ அவன்கிட்ட மட்டும்தான் பேசுமா? கயித்துக்காரன்கிட்டயும் பேசும்ல? நிறுத்தச் சொல்லு. குதிரையெல்லாம் திரும்ப உள்ள போகட்டும். தடுப்பைத் திறப்பாங்க. நான் நடந்து போயி ஏறிக்குவேன்.

— நிறுத்தினா…

— அப்புறம்?

— நெல்லோ அண்ணே, நிறுத்தினா திரும்ப எவ்வளவு நேரத்துல ஆரம்பிப்பாங்க?

— ஆரம்பிக்க மாட்டாங்க தம்பி. வெளிச்சத்தைப் பாருங்க. கோபுர நிழல் கூரையெல்லாம் ஏறிருச்சு. நிறுத்தினா ஒரு வேட்டு போடுவாங்க, குதிரை உள்ள போகும், நாளைக்குத்தான் பந்தயம்.

— கேட்டுக்கிட்டல்ல? நாளைக்கு ஓடட்டும். குதிரை எங்க ஓடிப் போயிருமா?

— நாளைக்கு ஓடாது.

— ஏன்?

— ஓடாதுன்னா விடேன்.

— தூச்சோ. ஏன்?

— …முன்னங்கால் வீங்கியிருக்கு. காலையில ஒத்திகை ஓட்டத்துக்கு அப்புறம். ஐஸ் வெச்சுத்தான் கொண்டு வந்திருக்காங்க. இன்னைக்கு ஒரு ஓட்டம் தாங்கும். நாளைக்கு எழுந்திருக்குமான்னே தெரியாது. லாயத்துல இருக்கிற நாலு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது இது.

— இப்ப ஒரு நரிக்குத் தெரியும்.

— நீ என் பொண்டாட்டின்னு சொன்னேன்.

— அது நாளையிலேர்ந்து.

— ஜினேவ்ரா, விளையாடாத. எங்கப்பா, சித்தப்பா எல்லாரும் அந்தக் கயித்தைப் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. எங்கப்பாவுக்கு இருதயம் சரியில்ல. இதைப் பாத்துட்டுக் கண்ணை மூடினாப் போதும்னு சொல்லிக்கிட்டு இருக்கார். ஒன்றரை நிமிஷம்தான் கேக்குறேன். சத்தியமா, ஒன்றரை நிமிஷம்.

— அம்மா… ம்… அய்யோ…

— மூச்சு விடு. மெதுவா விடு. என் கையைப் பிடிச்சுக்க.

— கையை விடு. உன் சட்டைப் பையில என்ன அது, என் விலாவுல குத்துது?

— ஒண்ணுமில்ல. மூச்சு விடு.

— எடு.

— போன்.

— போன் உன் கையில இருக்கு. எடு, தூச்சோ.

— …அம்மா குடுத்தாங்க.

— என்ன குடுத்தாங்க?

— தெரியும்ல.

— மண்ணா? பந்தயத்தன்னைக்கு எங்க தெருப் பொண்ணை நீ பாக்கவே கூடாது, ஆனா பையில மண் மட்டும் தயாரா வெச்சிருக்க!

— என்னைக்கு வேணும்னாலும் வலி வரலாம்னு குடுத்து வெச்சாங்க. ஆசுபத்திரியில கட்டிலுக்கு அடியில வெக்கிறதுதான், யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லயே. எங்க சர்ச்சு வாசல்லேர்ந்து எடுத்த மண். அது மேல பொறந்தா எங்க தெருவுல பொறந்த கணக்கு. எங்கப்பாகூட அப்படித்தான் பொறந்தார்.

— பொறக்குறதுக்கு முன்னாலயே முத்திரை குத்தணும். கொக்கு.

— உங்கம்மா மட்டும் என்னவாம்? எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? எங்க அக்கா பாத்தா. உங்கம்மா ஒரு துணிப் பையில நரித் தெரு மண்ணைக் கட்டி, துணிமணியோட பெட்டிக்கு அடியில திணிச்சிருக்காங்க. ரெண்டு கிலோ இருக்குமாம். தோட்டம் போடப் போறாங்களோ என்னமோ.

— தெரியும்.

— தெரியுமா? அப்புறம் என்னை மட்டும் கேக்குற?

— அவங்களையும் கேட்டேன். உன் மாமியார் வெக்கிறதுக்கு முன்னால வெச்சாகணும்னு சொன்னாங்க. கட்டிலுக்கு அடியில ரெண்டு பேரும் முட்டிக்கிட்டு நிக்கிறதை நினைச்சுப் பாரு. மேல நான் செத்துக்கிட்டு இருப்பேன்.

— குறுக்க பேசுறதுக்கு மன்னிச்சுக்கங்க. போலீஸ்னாலும் நானும் ஆந்தைத் தெருக்காரன்தான். எங்க அத்தை ரெண்டு பேரு அப்படித்தான் சண்டை போட்டு, ஒருத்தி இன்னொருத்தி மண்டையை உடைச்சா. இந்தத் தடவை எங்களுக்குக் குதிரையே இல்ல, நிம்மதியா இருக்கேன். கயித்துப் பக்கம் பாருங்க, கொக்கு தலையை ஆட்டுது.

— ஆட்டுதா? திரும்புதா? நேரா நிக்குதா?

— தூச்சோ!

— இல்ல… சும்மா பாத்தேன்.

— என் மூஞ்சியைப் பாக்காம குதிரை மூஞ்சியைப் பாக்குற.

— அது திரும்பினா உங்காளு பாய்வான். பாஞ்சா பந்தயம் முடியும். உனக்காகத்தான் பாக்குறேன்.

— திரும்பினா நீங்க தோப்பீங்க. உனக்கு எது வேணும்? திரும்பணுமா, கூடாதா?

— முதல்ல நீ மூச்சு விடு.

— சொல்லு. வாயில வரலைல்ல?

— நீ ஒண்ணு சொல்லு. லாப்போ உன்னை அனுப்பினானா?

— என்ன சொன்ன?

— மாடியில இருக்க வேண்டியவ இங்க வர. சரியா ஆம்புலன்சுக்கு எதிர்க்க. சரியா உங்க குதிரை பத்தாவது இடத்துல நிக்கும்போது வலி. நிறுத்து நிறுத்துன்னு என்னையே சொல்ல வெக்கிற. நிறுத்தினா யாருக்கு லாபம்? எங்க குதிரை காலைப் பத்தி உங்களுக்கு எப்படியோ காத்துல வந்துருச்சு. நடிக்கிறியா, ஜினேவ்ரா?

— தம்பி…

— நீங்க சும்மா இருங்க அண்ணே. நரித் தெருக்காரங்க இதுக்கு மேலயும் செய்வாங்க.

— கீழ பாரு, தூச்சோ.

— எதை?

— என் காலடியில.

— …தண்ணி பாட்டில் கொட்டிருச்சா?

— பாட்டில் மூடித்தான் இருக்கு. இன்னும் நடிப்புன்னு தோணுதா? தோணிச்சுன்னா குனிஞ்சு மோந்து பாரு.

— கடவுளே. கடவுளே.

— பனிக்குடம் உடைஞ்சிருச்சு. தம்பி, எனக்கு மூணு பிள்ளைங்க. இதுக்கு மேல நிக்க வெச்சுப் பேசிக்கிட்டு இருக்கிறது நல்லதில்ல. ஏதாவது ஒண்ணு சொல்லுங்க. லாப்போவா, கயிறா?

— ஜினேவ்ரா, லாப்போகிட்ட ஒரே ஒரு தடவை கேட்டுப் பாக்கலாம். ஒரே ஒரு தடவை.

— கேளு. அவன் எங்கம்மாவைக் கேப்பான். அவங்க மண் மூட்டையோட கூட்டத்தைப் பொளந்துக்கிட்டு வருவாங்க. அதுக்குள்ள என் பிள்ளை இந்தச் செங்கல்லுல விழும். வேகமா முடிவு பண்ணு. எனக்கு… எனக்கு அடுத்தது வருது…

— பிடிச்சுக்க. என்னைப் பிடிச்சுக்க. அழுத்திப் பிடி, உடைஞ்சா உடையட்டும்.

— அய்யோ… தூச்சோ… என்னால முடியல…

— அண்ணே. நிறுத்தச் சொல்லுங்க.

— கயித்துக்காரனுக்கா?

— ஆமா. நிறுத்தச் சொல்லுங்க.

— யார் கேட்டதுன்னு கேப்பாங்க தம்பி. இதை என் தலையில போட்டுக்க மாட்டேன். பேரும் வேணும், தெருவும் வேணும்.

— தூச்சோ. கொக்குத் தெரு.

— நல்லா யோசிச்சுக்கங்க. முதல் இடத்துல நிக்கிற கொக்கு. ரேடியோவுல நான் ஒரு தடவை சொன்னாப் போதும், நீங்க இந்தத் தடுப்பைத் தாண்டுறதுக்குள்ள உங்க சமையக்கட்டு வரைக்கும் போயிரும். ஊரை விட்டே போனாலும் ஒட்டிக்கிட்டு வரும் இது.

— சொல்லுங்கன்னு சொல்றேன்ல!

— சரி. நெல்லோ பேசுறேன், தடுப்புலேர்ந்து. உள்ள ஒரு பொண்ணுக்குப் பிரசவம். ஆமா, பிரசவம். இல்லய்யா, குடிக்கல நான். நிறுத்தணும். கேட்டது புருஷன். தூச்சோ. கொக்கு. ஆமா, கொக்குதான்… திரும்பச் சொல்றேன், கொக்கு.

— வேட்டுச் சத்தம்.

— ஆமா. போட்டுட்டாங்க.

— குதிரையெல்லாம் திரும்புது, தூச்சோ.

— நான் பாக்கல. நீ நட.

— விசில் அடிக்கிறாங்க.

— அடிக்கட்டும். தலையைக் குனிஞ்சுக்க. அண்ணே, திறங்க.

— திறந்தாச்சு. மெதுவா, மண்ணு பொலபொலன்னு இருக்கும். நான் இந்தப் பக்கம் பிடிச்சுக்கிறேன். தள்ளுங்கய்யா, வழி விடுங்க! பிள்ளைத்தாச்சிப் பொண்ணைப் பாத்ததே இல்லையா நீங்க?

— அங்க கைய நீட்டிக் கத்துறது உங்க சித்தப்பாவா?

— ஆமா.

— என்ன கத்துறார்?

— என் பேரைச் சொல்றார்.

— வேற?

— பேரு மட்டும்தான் நல்ல வார்த்தை.

— உங்கப்பா?

— கத்தல. முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிறார். நட, ஜினேவ்ரா. இன்னும் கொஞ்சம்தான்.

— தூச்சோ.

— என்ன?

— இங்கயே.

— இங்கயா? பாதை நடுவுலயா? ஆம்புலன்ஸ் இதோ இருக்கு, கதவைத் திறந்துட்டாங்க, ஆளுங்க இறங்குறாங்க!

— காலை எடுத்து வெக்க முடியாது. வருது. என் பையை எடு.

— படுக்க வைங்க தம்பி, படுக்க வைங்க! ஏய், ஸ்ட்ரெச்சர் வேணாம், நீங்க இங்க வாங்க! கையுறையைப் போட்டுக்கிட்டு ஓடி வாங்கய்யா! நாங்க திரும்பி நின்னு மறைச்சுக்கிறோம்.

— உன் பையில… துண்டு. இத்தனை துண்டா? சின்னத் துணி. கம்பளி. கையுறைப் பாக்கெட்டு. இதெல்லாம் எதுக்கு…

— விரி. கேள்வி கேக்காத. பாதித் துண்டை விரி, போதும். மிச்ச இடம் மண்ணு படட்டும்.

— மண்ணு… ஆமா. மண்ணு. அண்ணே, இதைப் பிடிங்க.

— என்ன தம்பி இது? சட்டைப் பையில இருந்த பொட்டலமா?

— எங்கயாவது வீசுங்க. என் கண்ணுல படாம.

— இங்க வீசினா கலந்துரும். என் பையிலயே கிடக்கட்டும். அம்மா, தலை தெரியுதாம், அவங்க சொல்றாங்க. இன்னொரு தடவை தள்ளும்மா. அவ்வளவுதான், இன்னொரு தடவை!

— தூச்சோ, என்னைப் பாரு. குதிரையை இல்ல.

— குதிரையெல்லாம் போயிருச்சு. உன்னைத்தான் பாக்குறேன். தள்ளு.

— ஆ… ஆஆ…

— வந்துருச்சு! வந்துருச்சு தம்பி! பொண்ணு. பாருங்க, என்ன கத்து கத்துது. இந்தப் பாதையில இவ்வளவு வேகமா வந்தது எதுவும் இல்ல.

— பொண்ணு, ஜினேவ்ரா. முழுசா இருக்கு. முதுகெல்லாம் மஞ்ச மண்ணு.

— துடைக்காத.

— துடைக்கல. நீ அழாத.

— நான் அழல. நீதான் அழுற. நெல்லோ அண்ணே.

— சொல்லும்மா.

— இந்த மண்ணு யாரோடது?

— இதுவா? யாரோடதும் இல்ல. நகராட்சி மண்ணு. பந்தயத்துக்குக் கொண்டு வந்து கொட்டுவாங்க, முடிஞ்சதும் லாரியில அள்ளிட்டுப் போவாங்க. எந்தத் தெருவுக்கும் இதுல பங்கு கிடையாது. ஏம்மா கேக்குற?

— சும்மாதான். தூச்சோ, கிட்ட வா.

— இங்கதான் இருக்கேன். இனிமே எனக்குப் போக வேற தெரு ஏது?

— விடியக்காலை காபி போடும்போதே வலி ஆரம்பிச்சிருச்சு. உங்கம்மா மண்ணும் எங்கம்மா மண்ணும் இல்லாத இடம் ஊர்ல இது ஒண்ணுதான்னுதான் உள்ள வந்தேன்.